கையில் எடுத்தவளுக்கு

பிரசவ அறையிலிருந்து குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டுகிற ஆயா யாரோ, சொந்தக்காரர்கள் கொடுக்கும் காசு அவளுக்கு. விடிய விடிய வலிக்காரியின் முதுகைத் தேய்த்துவிட்டவளுக்கு இல்லை. தரையில் கிடக்கும் ரத்தத்தைக் கழுவிவிட்டவளுக்கும் இல்லை. கையில் எடுத்தவளுக்குத்தான். அடையாறில் தேவானை வேலை பார்க்கும் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எழுதி ஒட்டியிருந்த மற்ற எல்லாச் சட்டங்களையும்விட இதற்குத்தான் அங்கே மரியாதை.

இதென்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தேவானைக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மாதச் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் சார் என்று போய் நின்றால், மேனேஜர் குருபிரசாத் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பார்ட்டிங்க குடுக்கறாங்களே ஆயாம்மா, அதெல்லாம் கணக்குல வராதா?" என்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். பிள்ளை பெற்ற வீட்டுக்காரன் சந்தோஷத்தில் கொடுக்கப்போவதை நம்பி ஆஸ்பத்திரி சம்பளம் போட்டது. வீட்டுக்காரனோ, லட்ச ரூபாய் பில் கட்டியிருக்கிறோம், இதில் உனக்கு வேறு தனியா என்று முகத்தைச் சுளித்தான். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பல்லைக் காட்டவேண்டியவள் ஆயா. ஓட்டலில் இட்லி வைத்துவிட்டுப் போகிற சர்வருக்கு வாய் பேசாமல் இருபது ரூபாய் விடுகிற ஊர்தான் இது. பெற்ற பிள்ளையை முதல்முதலில் கையில் கொடுக்கிறவளிடம் மட்டும் பேரம் பேசும்.

தேவானைக்கு ஊரூர் ஒல்காட் குப்பம். கல்யாணமான புதிதில் பெசன்ட் நகர் வீதிகளில் கூடையில் மீன் விற்றாள். புருஷனுக்கு முதுகெலும்பு விலகி, கடலுக்குப் போக முடியாமல் ஆனபிறகு, நாள் தவறாமல் வருகிற காசு வேண்டும் என்று இந்த ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். நாலு வருஷத்தில் பிரசவ அறை ஆயா. பெரிய கை, பெரிய குரல். மீன் விற்றவள் ஆனதால் ஆளின் முகத்தைப் பார்த்தே எவ்வளவு பெயரும் என்று சொல்லிவிடுவாள்.

கை நீட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பது அவள் கட்சி. துண்டில் சுற்றிய குழந்தையின் முகத்தை மட்டும் திறந்து காட்டவேண்டும். உடனே கேட்கக்கூடாது. முதலில் ஜாடை சொல்லவேண்டும். பிறந்து பத்து நிமிஷமான குழந்தைக்கு ஏது ஜாடை? எல்லாம் வெந்நீரில் ஊறிய விரல்போல் சுருங்கிச் சிவந்துதான் கிடக்கும். ஆனால் அங்கே நிற்பவர்களில் யார் முகத்தில் ஏக்கம் அதிகமாகத் தெரிகிறதோ, அவர் ஜாடை என்று தேவானை சொல்லிவிடுவாள். "அப்பிடியே தாத்தா மூக்கு" என்றால் தாத்தாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். சில்லறை இல்லையே என்று இழுக்கிறவர்களுக்காக, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்பக்கம் ஜிபே ஸ்டிக்கரும் ஒட்டிவைத்திருந்தாள்.

ஆண் பிள்ளை என்றால் அவள் வாய் திறக்கமாட்டாள். அவர்களே கொடுப்பார்கள். பெண் பிள்ளை என்றால் வாய்விட்டுக் கேட்பாள், அதுவும் அதிகமாகக் கேட்பாள். ஒருமுறை ஒருவர் மூன்றாவதும் பெண் என்று தெரிந்து இஞ்சி தின்ற மாதிரி நின்றார். "இன்னா நைனா, மகாலட்சுமிய வாசல்ல நிக்க வச்சிக்கினு யோசனை பண்ணிக்கினு கீற? பையன்னா ஆயிரத்தோட விட்டுடுவேன். பொண்ணு, ஆயிரத்து ஐந்நூறு எட்து வையி" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கொடுத்தும்விட்டார். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கிற வழக்கத்தை ஒழிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கெட்டவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். தேவானை இறங்குவாள், ஸ்வர்ணலதா ஏறுவாள். இரண்டு பேருக்கும் பதினாலு வருஷச் சிநேகம், ஒரே டப்பாவில் கருவாட்டுக் குழம்பைப் பங்குபோட்டுத் தின்பவர்கள். ஆனால் அந்தச் சட்டம் சிநேகம் பார்க்காது. முந்தின வாரம் இரட்டைக் குழந்தைக் கேஸ் ஒன்று. காலை ஏழிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வாந்தி பிடித்து, கால் பிடித்து, கூடவே நின்றவள் தேவானை. குழந்தைகள் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிறந்தன. துடைத்து எடை போடுவதற்குள் மணி இரண்டைத் தாண்டி மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. ஸ்வர்ணலதா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இரண்டு கையிலும் இரண்டு குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். மூவாயிரம். "எனக்கும் இப்டி எத்தினி தபா போச்சு, நான் கேட்டனா?" என்றாள் ஸ்வர்ணலதா. அதுவும் உண்மைதான். தேவானை அன்று மதியம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள். அந்த மாதம் வாடகை பாக்கி இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஷண்முகப்ரியா வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, தலைப்பிரசவம். தி.நகரில் லைனிங் துணிக்கடை வைத்திருக்கும் கனகராஜின் ஒரே மகள். அப்பா, அம்மா பேச்சியம்மாள், பெருங்குடியில் கம்பெனி வேலை பார்க்கும் கணவன் சுரேஷ்குமார் எல்லாரும் கூட வந்திருந்தார்கள். பிரசவ அறைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் உள்ளே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த முகம் என்று எதுவுமில்லை. ஏழு மணிக்கு வேலைக்கு வந்த தேவானையின் மணிக்கட்டை அவள் பிடித்தவள்தான், மதியம்வரை விடவில்லை.

"அக்கா, நீங்க எங்கயும் போயிராதீங்க."

"ரெண்டு மணி வரிக்கும் இங்கதாம்மா கீறேன். அதுக்குள்ள உனுக்கு ஆயிடும். மூச்ச உள்ள இழு."

வலி விட்ட நேரங்களில் பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா நேற்றே கடையில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துவிட்டாராம், பிள்ளை பிறக்கட்டும் என்று அம்மா திட்டினாளாம். என்ன பிள்ளையாக இருந்தாலும் சரி, தன் நிறம் வராமல் புருஷன் நிறம் வந்தால் தேவலை என்றாள். தேவானை அவளை அதட்டினாள். "உன் கலருக்கு இன்னாடி கொறச்சல்?" ஷண்முகப்ரியா அந்த வலியிலும் சிரித்தாள். தேவானைக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஒன்று நாற்பதுக்குக் குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததும் அழவில்லை. நர்ஸ் வைதேகி அதைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த சூட்டு விளக்குக்கு ஓடினாள். மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்து உறிஞ்சி, பாதத்தைச் சுண்டியதும் வீல் என்று கத்தியது. அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "பொண்ணும்மா, நல்லா இருக்கா" என்று டாக்டர் சொன்னார். ஷண்முகப்ரியா படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கு மேடை அவள் தலைக்குப் பின்பக்கம் இருந்தது. அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

எடை போட்டு, துண்டில் சுற்றி, வைதேகி குழந்தையைத் தேவானையிடம் கொடுத்தாள். "அம்மாகிட்ட காட்டிட்டு வெளிய கொண்டு போங்க ஆயாம்மா" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கூப்பிட்டதால் அந்தப் பக்கம் திரும்பினாள்.

தேவானை கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டுக்கு ஆறு நிமிஷம். கதவுக்கு வெளியே ஸ்வர்ணலதாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு தாயின் தலைமாட்டுக்குப் போகவேண்டும். நடுவில் டிரிப் கம்பி, தட்டு வண்டி, இரண்டு பேர் நிற்கிறார்கள். கதவோ இந்தப் பக்கம், நாலு எட்டில் இருக்கிறது.

"அக்கா, ஒரு தடவ காட்டுங்கக்கா" என்றாள் ஷண்முகப்ரியா.

"இரும்மா. வெளிய அவங்களுக்குக் காட்டிட்டு, ஒரே நிமிட்ல எட்தாந்து உன் பக்கத்துலயே பட்க்க வெக்கிறேன்."

"சரிக்கா" என்றாள் அவள்.

வெளியே போனால் மூன்று பேரும் கதவை ஒட்டியே நின்றிருந்தார்கள். பெண் குழந்தை என்றதும் யார் முகமும் சுருங்கவில்லை. கனகராஜ் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, "மீனாட்சி" என்றார். பேச்சியம்மாள் குழந்தையின் நெற்றியில் விரல் வைத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். இவர்களிடம் வாய்விட்டுக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. "தாத்தா நெத்தி, அப்பா மூக்கு" என்று தேவானை எல்லாருக்கும் ஒரு பங்கு வைத்தாள். கனகராஜ் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து வெற்றிலையில் வைப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். சுரேஷ்குமார் குழந்தையைப் போட்டோ எடுத்தான். தேவானையையும் குழந்தையோடு நிற்கவைத்து எடுத்தான். அவளும் சிரித்தபடி நின்றாள்.

"ப்ரியா எப்டி இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"ஜம்முனு கீது சார்."

எல்லாம் சேர்ந்து ஒன்பது பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது அது உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். வைதேகி பாதி திறந்து, "குழந்தைய நர்சரிக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்" என்றாள். அவள் கையுறை முழங்கைவரை சிவப்பாக இருந்தது. உள்ளே டாக்டர் ரத்தம், ரத்தம் என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

ரத்தம் நிற்கவில்லை. மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே அவளுக்கு நினைவில்லை. பிரசவத்தில் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, யார் பேரிலும் தப்பில்லை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. தேவானை ஷிப்ட் முடிந்தும் போகாமல், நர்சரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வைதேகி அவளிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை ஆயாம்மா, அந்தப் பொண்ணு குழந்தை முகத்தையாவது பாத்துட்டுப் போச்சு. கேஸ் ஷீட்லகூட எழுதிட்டேன், தாய்க்குக் காட்டப்பட்டதுன்னு."  தேவானை தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலோடு விஷயம் முடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே ஏறிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டவள் அவள் ஒருத்திதான். தன்னையே கேட்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டிலைச் சுற்றிப் போக ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. போய், துண்டை விலக்கி, இந்தா பார்த்துக்கோ என்று காட்ட இன்னொரு அரை நிமிஷம். அப்படியே மணி இரண்டாகி ஸ்வர்ணலதா வாங்கிக்கொண்டு போயிருந்தால் என்ன? இரண்டாயிரம் போயிருக்கும். ஒரு மனுஷி பத்து மாசம் சுமந்த முகத்தைப் பார்த்திருப்பாள். மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போன நாளில்கூட அவள் எடையில் ஏமாற்றியதில்லை. இதில் ஏமாற்றிவிட்டாள். அதுவும், சரிக்கா என்று சொன்னவளை.

அந்த நான்கு நோட்டையும் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், இழவு வீட்டில் போய் இதை எப்படி நீட்டுவது? பெண் பிறந்த சந்தோஷத்துக்குக் கொடுத்தீர்களே, இந்தாருங்கள் என்றா? அடுத்த சனிக்கிழமை திருவான்மியூர் போய் மருந்தீஸ்வரர் உண்டியலில் நான்கையும் போட்டாள். வெளியே வந்து செருப்பைப் போடும்போதே தெரிந்துவிட்டது, பாரம் இறங்கவில்லை. சாமிக்கும் டிப்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. வாடகைக்குப் பக்கத்து வீட்டில் வாங்கினாள். புருஷன், "இந்த மாசம் பிரசவமே இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றாள்.

அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் ஆஸ்பத்திரிக்கு வந்து, உயிர் போகிற நேரத்திலும் காசு வாங்கினீர்களே என்று சத்தம் போட்டதில், நிர்வாகத்துக்குப் பயம் வந்துவிட்டது. பிரசவ அறை வாசலில் புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள்: ஊழியர்களுக்கு அன்பளிப்பு கொடுக்க வேண்டாம். பச்சை எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. சம்பளத்தில் ஒரு பைசா ஏறவில்லை. அதனால் வாங்குவதும் நிற்கவில்லை. முன்பு போர்டு இல்லாமல் நிமிர்ந்து வாங்கினார்கள். இப்போது போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டின் மடிப்புக்குள் வாங்கினார்கள். தேவானை மட்டும் வாங்குவதை விட்டாள். குழந்தையை அம்மாவிடம் காட்டுவாள், பிறகு கூட வேலை பார்க்கும் யாரையாவது, ஷிப்ட் மாறும் நேரமென்றால் ஸ்வர்ணலதாவை, கூப்பிட்டு, நீ கொண்டு போ என்பாள். "இன்னாடி, சாமியாரா ஆயிட்டியா?" என்று ஸ்வர்ணலதா கேலி செய்தாள். கேலியின் அடியில் கவலையும் இருந்தது.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தேவானை முடிவு செய்தாள். வைதேகியிடம் இல்லை, மேனேஜரிடம் இல்லை. அந்த வீட்டு ஆட்களிடம். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்குக் குழந்தையை இங்கேதான் கொண்டுவருவார்கள். வந்தால் காலில் விழுந்தாவது சொல்லிவிடவேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். சொல்லாமல் வைத்திருப்பதைவிட அடி மேல். என்னென்ன வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

அவர்கள் ஒரு புதன்கிழமை காலை வந்தார்கள். பேச்சியம்மாளும் சுரேஷ்குமாரும் மட்டும். பேச்சியம்மாள் ஒன்றரை மாதத்தில் பத்து வயது ஏறியிருந்தாள். கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றுமில்லை. குழந்தை அவள் தோளில் கிடந்தது. கன்னம் உப்பி, தலை நிறைய முடி. தேவானை தூரத்தில் பார்த்ததும், இத்தனை நாள் எடுத்த முடிவெல்லாம் கரைந்து, துடைப்பக்கட்டை அறைக்குள் ஒளிந்துகொள்ளப் போனாள். அதற்குள் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

"எம்மா, நீங்கதான அன்னைக்குப் பிள்ளைய கொண்டாந்து காட்டுனீய? போட்டோவுலகூட நிக்கீயளே."

தேவானை கிட்டே வந்தாள். "ஆமாம்மா."

"ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்." பேச்சியம்மாள் மருமகனைப் பார்த்தாள். அவன் கேளுங்கள் என்பதுபோல் தலையசைத்தான். அவனும் கேட்க வந்ததுதான், அவனுக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மாள் தேவானையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. எம்மவ பிள்ள மொகத்தப் பாத்தாளா?"

தேவானை மற்றக் கையால் குழந்தையின் தோளில் நழுவிய துணியை இழுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுக கடையத் தெறந்து நாப்பது நாளாச்சு. சோறு தண்ணி சரியா எறங்கல. அன்னையிலருந்து இந்த ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ. பாத்தாளா, பாக்காமப் போயிட்டாளா. நான் என்னன்னு சொல்லுவேன்? நீங்கதான உள்ள இருந்தீய."

சொல்லிவிடவேண்டியதுதான். வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. நான்தாம்மா பாவி, காசுக்குப் பயந்து ஓடிவந்துட்டேன். அவள் வாயைத் திறந்தாள். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக வெளியே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்து, அங்கே எது வேண்டுமோ அதைச் சொல்லியே பழகியவள். அந்த முகம் ஒரே ஒரு சொல்லுக்காகப் பிச்சை கேட்டு நின்றது.

"பாத்துச்சும்மா" என்றாள் தேவானை.

"பாத்தாளா?"

"பாத்துச்சு. நான்தான் காட்னேன். தொட்டுப் பாத்துச்சு."

பேச்சியம்மாள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். தேவானை குழந்தையோடு சேர்த்து அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சுரேஷ்குமார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.  திரும்பாமலே, "ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டான்.

ஆரம்பித்தாயிற்று, இனி நடுவில் நிறுத்த முடியாது. "கலரு உங்க கலருன்னு சொல்லிச்சு சார். சிரிச்சுது." அந்தப் பெண் காலையில் பேசியதை எடுத்து மதியத்தில் வைத்தாள். அவன் அதைக் கேட்டு ஒரு மாதிரி சிரித்தான். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் முழுசாக நம்பினான். 

"பேர் ஏதாவது சொன்னாளா? பேர் இன்னும் வைக்கல. ரெண்டு மூணு பேர் மனசுல வச்சிருந்தா. எனக்குச் சொல்லல, பொறந்தப்புறம் சொல்றேன்னா."

ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அன்றைக்கே வைத்திருப்பார்கள். அதற்கு மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

"இல்ல சார். பேரு சொல்லல."

"பரவால்ல" என்றான் அவன். "இதுவே போதும்." குழந்தையின் தலையைத் தடவினான். "இவ வளந்ததும் சொல்லுவேன். உங்கம்மா உன்னப் பாத்தா, தொட்டா, சிரிச்சான்னு. இல்லன்னா நான் என்ன சொல்லியிருப்பேன் இவகிட்ட?"

பேச்சியம்மாள் அதற்குள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டுவிட்டாள். "ஏங்க, பாத்தாளாம்" என்றாள். மறுபக்கம் கனகராஜ் என்ன சொன்னார் என்று தெரியவில்லை.  பிறகு அவள், "ஆமா, தொட்டாளாம். நல்லா அழுதுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சுரேஷ்குமார் பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்தான். பச்சை எழுத்துப் போர்டை ஒருதரம் பார்த்துவிட்டு, நோட்டை நாலாக மடித்துத் தேவானையின் கையில் வைக்கப் போனான்.

"வேணாம் சார்." கையை இழுத்துக்கொண்டாள். "சத்தியமா வேணாம்."

"நீங்க அன்னைக்கு அவகிட்ட காட்டாம வெளிய வந்திருந்தீங்கன்னா எங்களுக்கு இதுகூட இருந்திருக்காது. வாங்கிக்குங்கக்கா."

"வாங்கிக்கிடுங்கம்மா" என்றாள் பேச்சியம்மாள். "வாங்கலேன்னா எங்க மனசு ஆறாது."

வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் தன்னால் இன்னொரு பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்துக் கொடுத்திருக்கிறார்கள், விட்டெறிந்திருக்கிறார்கள், பேரம் பேசிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் நீரோடு கும்பிட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

அவர்களை ஊசி போடும் அறைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்கள். நடைபாதைக் கோடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்த ஸ்வர்ணலதா அன்று காலை ஷிப்ட் மாற்றி வந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பேச்சு அவ்வளவு தூரம் கேட்டிருக்காது.

"எவ்ளோ?" என்றாள்.

"ஐந்நூறு."

"இன்னாத்துக்கு இப்ப? கொழந்த அன்னிக்கே பொறந்துடுச்சே."

"பொய் சொன்னதுக்கு" என்றாள் தேவானை.

"போடி, தெனிக்கும் அதான சொல்லிக்கினு கீறோம். தாத்தா மூக்கு, பாட்டி காதுன்னு." ஸ்வர்ணலதா சிரித்தபடி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எட்டாம் நம்பர் அறைக்குப் போனாள்.

உள்ளே ஊசி இறங்கியிருக்கவேண்டும், குழந்தை வீறிட்டு அழுதது. பேச்சியம்மாள், "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல, ஒங்கம்மா பாத்துக்கிட்டு இருக்கா" என்று தேற்றுவது கேட்டது.